மேரி பெர்னதெத் என்ற கமலாதேவி

ஆகஸ்ட் 17, 1990

இன்று சீலா மீன் வாய்த்தது. குழம்பு எனக்கே பிடிக்கிற மாதிரி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளலாம். ஃபாதர் அமலதாஸ் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, அக்கரையிலிருந்து படகில் வந்த அகதிப் பிள்ளைகளில் இரண்டு பேர் நாளைக்கு நம் பங்களாவுக்கு வருகிறார்கள், ஸ்டோர் ரூமை ஒழித்து வையுங்கள் என்றார். கூட யார் வருகிறார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை, அதனால்தான் நம்மிடம் வருகிறார்கள் என்றார்.

பாசிவலசைப் பங்குச் சாமியார் பங்களாவில் பல வருஷமாகக் குசினி பார்க்கிறேன். இருமுகிற சாமியார், கோபக்காரச் சாமியார், உப்பே ஆகாத சாமியார் எல்லோருக்கும் சமைத்துப் போட்டாயிற்று. பிள்ளைகளுக்குச் சமைத்ததில்லை. கல்யாணம் காட்சி என்று எதுவும் எனக்கு நடக்கவில்லை, நடக்காததில் வருத்தமும் இல்லை. ஐம்பது வயதில் இது என்ன புதுத் தலைவலி என்றுதான் தோன்றியது. ஸ்டோர் ரூமில் கிடந்த கிறிஸ்துமஸ் குடில் சாமான்களை ஒதுக்கி, மூன்று ராஜாக்களையும் கொம்பு உடைந்த மாட்டையும் மூலையில் சாத்தி, இரண்டு பாய் விரிக்க இடம் பண்ணினேன்.

ஆகஸ்ட் 18

வந்துவிட்டார்கள். பெண் பிள்ளைக்கு ஒன்பது வயது இருக்கும், பையனுக்கு ஐந்து. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பை. வாசலில் மாதா படத்தைப் பார்த்ததும் அவள் சிலுவை போட்டாள். பையன் அவளைப் பார்த்துவிட்டு இடது கையால் என்னவோ செய்தான்.

நான் பெயர் கேட்பதற்குள் அவளே சொன்னாள். அவள் ஜெசிந்தா. "இவன் சுதன். என்ர தம்பி." சாப்பிட உட்கார்ந்தபோது மறுபடி சொன்னாள், இவன் என்ர தம்பி என்று. பாய் விரித்தபோதும் சொன்னாள். நான் இல்லை என்றா சொன்னேன்?

ஆகஸ்ட் 19, ஞாயிறு

பிரசங்கத்தில் ஃபாதர் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். கரையில் இறங்கிய கூட்டத்தில் பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகள் பலர் நின்றார்களாம். பக்கத்து ஊர்க் கோயில் பங்குகள் ஆளுக்குச் சிலரை ஏற்றிருக்கின்றன, நம் பங்குக்கு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், இவர்கள் பங்களாவின் பிள்ளைகள் இல்லை, ஊரின் பிள்ளைகள் என்றார். மாதா சபைப் பெண்கள் நிறுத்தி வைத்திருந்த பிடியரிசியை மறுபடி ஆரம்பித்தார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியாக வைத்து, சனிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவது. பூசை முடிந்து வெளியே வந்ததும், நம் வலையே கிழிந்து கிடக்கிறது, இதில் வேறு வீட்டுப் பிள்ளையா என்று சிலர் முணுமுணுத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜெசிந்தாவுக்குப் பூசைச் செபங்கள் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் நன்மை வாங்க, சாமியார் நாவில் வைக்கிற அப்பத்தை வாங்க, எழுந்து போகவில்லை. புதுநன்மை வாங்கியாயிற்றா என்று கேட்டேன். ஓம் என்றாள். பிறகு ஏன் வாங்கவில்லை என்றேன். தரையைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 27

ஒன்றும் புரியவில்லை. அக்கா முழுச் செபமாலையும் சொல்கிறாள், தம்பிக்கு அருள் நிறைந்த மரியே தெரியாது. குளிப்பாட்டித் துடைத்ததும் நெற்றியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறான். என்னடா என்றால், திருநீறு என்கிறான். ஜெசிந்தா ஓடிவந்து, பக்கத்து வீட்டு ஆச்சி அவனுக்கு வழக்கப்படுத்திவிட்டார் என்றாள். சரி, அக்கரையில் அப்படியும் இருக்கும். நம் ஊரிலேயே வேளாங்கண்ணிக்கும் நடந்து போய்விட்டு முருகன் கோயிலுக்கும் முடி நேர்ந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்களே.

என்னை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டாள். ஊரே தெக்லாம்மா என்கிறது, நீயும் அப்படியே கூப்பிடு என்றேன். யோசித்துவிட்டு, "பெரியம்மா எண்டு கூப்பிடட்டோ?" என்றாள். எப்படியும் கூப்பிடு, அடுப்பைப் பார்க்க விடு என்றேன். பெரியம்மா என்றால் என் தங்கச்சி பெற்ற பிள்ளை என்று ஆகிறது. எனக்கு ஏது தங்கச்சி? ஐந்து அண்ணன்மாருக்கு நடுவில் அடி வாங்கி வளர்ந்தவள் நான்.

செப்டம்பர் 4

தாலுகா ஆபீஸிலிருந்து ஆர்.ஐ. வந்தார். அவருக்கு மோர் கொடுத்தேன். எல்லாக் கேள்விக்கும் ஜெசிந்தாவே பதில் சொன்னாள். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மா மேரி பெர்னதெத், ஷெல் விழுந்து செத்துப்போனார். சொல்லும்போது அவள் கண் கலங்கவே இல்லை. ஆர்.ஐ.தான் பேனாவை மூடித் திறந்தார். அந்த நேரத்தில் சுதன் தோட்டத்தில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். அவன் இல்லாததும் நல்லதுதான். அம்மா அடுத்த படகில் வருவார் என்று அவன் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். சின்னவனுக்கு இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது.

போகும்போது ஆர்.ஐ. சட்டத்தைச் சொன்னார். பெற்றவர்கள் யாராவது வந்தால் பிள்ளைகளை ஒப்படைத்துவிட வேண்டும். ஒருவரும் இல்லாத பிள்ளை என்றால் பங்குச்சாமியார் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டு இங்கேயே வளர்க்கலாம். நமக்கென்ன வந்தது, கேட்டதை எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 8

மாதா பிறந்தநாள். பட்டணத்திலிருந்து ஒரு சபைக்காரர்கள் அகதிப் பிள்ளைகளுக்கு உடை கொண்டுவந்தார்கள். மூட்டையைப் பிரித்தால் எல்லாம் கம்பளிச் சட்டை. இந்த வெயிலில்! பிள்ளைகளுக்கு அதைப் போட்டுப் படம் பிடிக்க வேண்டும் என்றார்கள். சுதன் வியர்த்து வழிந்து நின்றான். படம் எடுத்து முடிவதற்குள் நான் போய்க் கழற்றிவிட்டேன். ஃபாதர் என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

செப்டம்பர் 19

சுதனுக்குக் காய்ச்சல். கஞ்சி. வேறு எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 21

காய்ச்சல் இறங்கியது. இந்தக் காய்ச்சலில் அவன் வீட்டைப் பற்றி நிறையப் பேசினான். வீட்டில் கிணறு இருக்கிறது, கிணற்றடியில் மாதுளை இருக்கிறது, மணி என்று ஒரு நாய் இருக்கிறது. ஜெசிந்தாவிடம் மணி கடிக்குமா என்று கேட்டேன். எந்த மணி என்றாள். உடனே சமாளித்து, ஓம், கடிக்காது என்றாள். அவள் முன்பு சொன்னது கடற்கரை வீடு, தண்ணீர் தெருக்குழாயில் பிடிப்பார்கள் என்று. பட்ட அதிர்ச்சியில் பிள்ளைகளுக்கு எல்லாம் குழம்பிப்போகும் என்று ஃபாதர் சொல்கிறார். குழம்பிப்போனது பிள்ளைகள் மாதிரித் தெரியவில்லை, நான்தான்.

காய்ச்சல் முழுக்க அவள் அவன் கையை விடவில்லை. சோறு ஊட்டப்போனால் அவனுக்கு முதலில் கொடுங்கள் என்கிறாள். என் அண்ணன்மாரில் ஒருவன்கூட எனக்கு இப்படிச் செய்ததில்லை.

அக்டோபர் 14, ஞாயிறு

இன்றும் ஜெசிந்தா நன்மை வாங்கவில்லை. எல்லோரும் எழுந்து போகையில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஏதாவது பாவம் இருந்தால் ஃபாதரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வாங்கேன் என்றேன். "சொன்னா ஃபாதருக்குத் தெரிஞ்சுபோம் பெரியம்மா" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அப்படி என்ன பாவம்? சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். குறையவில்லை.

அக்டோபர் 29

கல்லறைத் திருநாளுக்கு இறந்தவர்கள் பெயர் கொடுக்கிற வாரம். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்கள் பெயரைச் சொல்லி வைப்பார்கள், அன்றைய பூசையில் சாமியார் பீடத்தில் நின்று எல்லாப் பெயரையும் வாசிப்பார். ஜெசிந்தா என் பின்னாலேயே வந்து அவள் அம்மா பெயரையும் வாசிப்பார்களா என்று கேட்டாள். அம்மாவுக்கென்று கல்லறை இல்லையாம், பெயரையாவது வாசிக்கட்டும் என்றாள். மேரி பெர்னதெத்.

சாயங்காலம் சுதனைக் குளிப்பாட்டும்போது பேச்சோடு பேச்சாக, உங்கள் அம்மா பேர் என்னடா என்றேன். கமலாதேவி என்றான். எனக்குத் திக்கென்றது. பிறகுதான் உறைத்தது, இதில் என்ன இருக்கிறது? எங்கள் ஆட்களில் யாருக்குத்தான் ஒரே பெயர்? ஞானஸ்நானத்துக்கு ஒன்று, வீட்டில் கூப்பிட ஒன்று. என் அம்மா கோயிலில் எஸ்தாக்கி, வீட்டில் ராசாத்தி. அவள் செத்தபோது எஸ்தாக்கி என்று வாசித்தார்கள், பக்கத்துத் தெருக்காரர்களுக்கே யாரென்று தெரியவில்லை. அந்தத் தப்பு இந்தப் பிள்ளைகளுக்கு நடக்கக்கூடாது. இரண்டு பெயரையும் சேர்த்து ஃபாதரிடம் கொடுத்தேன்.

நவம்பர் 2

பூசைக்கு நல்ல கூட்டம். பெயர்களை வாசித்து வந்த ஃபாதர், "மேரி பெர்னதெத் என்ற கமலாதேவி" என்றார். ஜெசிந்தா சட்டென்று திரும்பிச் சுதனின் இரண்டு காதுகளையும் பொத்தினாள். ஆனால் அவன் கேட்டுவிட்டான். வெளியே வந்ததும், அம்மாவின் பெயரை ஏன் வாசித்தார் என்று கேட்டான். அம்மா கெதியாய் வர வேண்டும் என்று ஃபாதர் மன்றாடினவர் என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமா பயமா என்று தெரியாத பார்வை.

நான் நல்லதுதானே செய்தேன்? கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் மெழுகுதிரி ஏற்றினார்கள். எங்களுக்கு என்று அங்கே கல்லறை இல்லாததால் சிலுவையடியில் ஏற்றினோம். எங்களுக்கு என்று எழுதிவிட்டேன், பிள்ளைகளுக்கு என்று இருக்க வேண்டும்.

நவம்பர் 20

ஃபாதர் வெளியே போய்விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்தார். சுதனின் அம்மா உயிரோடு இருக்கிறாராம். இந்த மாதம் வந்த படகில் வந்து மண்டபம் முகாமில் இருக்கிறார். மகன் பெயர் சுதன், இடது முழங்காலில் தீத்தழும்பு என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கமலாதேவி.

உயிரோடு இருக்கிறவளுக்குக் கல்லறைப் பூசையில் பெயர் வாசித்துவிட்டோம். இது பாவமா இல்லையா என்று கேட்டேன். மரித்தவர் எழுந்தால் சந்தோஷப்பட வேண்டும் தெக்லாம்மா என்றார். அவர் சந்தோஷப்பட்டார். எனக்கு வேறொன்று இடித்தது. முகாமில் அவள் கொடுத்த மனுவில் மகனை மட்டும்தான் கேட்டிருக்கிறாள். இரண்டு பெற்றவள் ஒன்றை மட்டும் தேடுவாளா? அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

நவம்பர் 21

துவைகல்லில் வைத்து, அம்மா ஏன் தம்பியை மட்டும் தேடுகிறார் என்று கேட்டேன். ஜெசிந்தா துணியைக் கசக்குவதை நிறுத்தினாள். பிறகு சொன்னாள்.

"அவன் என்ர தம்பி இல்லை, பெரியம்மா."

அவள் அம்மாவை இழந்து, தெரிந்தவர்களோடு கரைக்கு வந்திருக்கிறாள். படகில் ஏற நெரிசல். யாரோ ஒரு பெண் தண்ணீரில் நின்றபடி ஒரு பையனைத் தூக்கி இவள் மடியில் போட்டு, அக்காவின் கையைப் பிடித்துக்கொள், அம்மா அடுத்த படகில் வருகிறேன் என்றிருக்கிறாள். அடுத்த படகு வரவில்லை. கூட வந்த தெரிந்தவர்கள் இந்தக் கரையில் இறங்கியதும் தங்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள். பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளில் ஆண் ஒரு விடுதிக்கு, பெண் ஒரு விடுதிக்கு, கூடப்பிறந்தவர்கள் என்றால் மட்டும் ஒன்றாக வைப்பார்கள் என்று கரையில் யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறாள். "அதுதான் தம்பி எண்டு சொன்னனான். பொய் சொல்லிப்போட்டு நன்மை வாங்க ஏலாதுதானே."

அவளைத் திட்ட வாயெடுத்தேன். அவள் கையிலிருந்ததை வாங்கினேன். துணியைப் பிழிந்து போட்டேன்.

தம்பி இல்லை என்றால் சுதன் மட்டும் போவான். இவள் ஒருவரும் இல்லாத பிள்ளை. ஃபாதர் கையெழுத்துப் போட்டால் போதும். ராத்திரி எனக்கு நல்ல பசி, நாலு தோசை சாப்பிட்டேன். ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 24

கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். ரோஸ் நிறத்தில் பூப்போட்ட துணி ஒன்று நன்றாக இருந்தது. கிறிஸ்துமஸ் வருகிறது, ஒரு ஃப்ராக் தைக்கலாமே என்று வாங்கினேன். பையனுக்கு வாங்கவில்லை, அவனுக்குத்தான் அம்மா வந்துவிட்டாளே.

ஃபாதரிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. ஆர்.ஐ. வரும்போது சொன்னால் போகிறது.

நவம்பர் 29

ஃப்ராக் முடிந்தது. கையில் லேஸ் வைத்தேன். போட்டுப் பார்க்கச் சொல்லி, அவள் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

"நீ எங்கிட்டயே இருந்துக்கிறியா?"

லேஸைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் இல்லாட்டி அவன் நித்திரை கொள்ளமாட்டான்" என்றாள். அதற்கு அவன் அம்மா இருக்கிறாள் என்றேன். ஓம் என்று தலையாட்டினாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்து இன்றுதான் பார்க்கிறேன். அம்மா செத்ததைச் சொன்னபோதுகூட வரவில்லை.

பெரிய சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது.

டிசம்பர் 3

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நாளைக்கு எனக்கே சந்தேகம் வரும்.

ஆர்.ஐ. ஜீப்பில் கமலாதேவியைக் கூட்டிவந்தார். மெலிந்த பெண், முப்பது வயதுகூட இருக்காது. சுதன் ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவன் அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஜெசிந்தாவின் முன்னால் நிறுத்தினான். அக்கா என்றான். கமலாதேவி அவளைப் பார்த்தாள். "உன்னட்டத்தானே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவள் தலையில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

ஃபாதர் அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். ஜெசிந்தா ரோஸ் ஃப்ராக் போட்டிருந்தாள், காலையில் நான்தான் போட்டுவிட்டேன். ஆர்.ஐ. கமலாதேவியிடம், மனுவில் ஒரு மகன் என்றுதானே இருக்கிறது, இந்தப் பெண் யார் என்று கேட்டார்.

"ரெண்டும் என்ர பிள்ளையள்" என்றாள் அவள்.

ஒன்று என்று ஏன் எழுதினீர்கள் என்றார். எழுதிக் கொடுத்தவர் பிழையாக எழுதிவிட்டார் என்றாள். அது நடக்கிறதுதான் என்று ஆர்.ஐ. சிரித்தார். ஆனால் அவர் விடவில்லை. பெண்ணின் அம்மா மேரி பெர்னதெத், ஷெல் விழுந்து இறந்துவிட்டதாக இந்தப் பிள்ளையே சொல்லியிருக்கிறது, இப்போது கமலாதேவி என்கிறீர்கள், எதும்மா நிஜம் என்றார். ஜெசிந்தா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். ஃபாதரும் என்னைப் பார்த்தார். பிள்ளைகளோடு இருக்கிறவள் நான்தானே.

உண்மையைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொன்னால் அவள் எனக்கு. காலையிலிருந்து அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு.

"ரெண்டும் ஒரே ஆளுதாங்க. மேரி பெர்னதெத்துங்கிறது ஞானப் பேரு, கமலாதேவி வீட்டுல கூப்பிடுற பேரு. எங்க ஆளுகளுக்கு எல்லாம் அப்பிடித்தான். ஆத்தா செத்துட்டதா பிள்ளை நெனச்சிருச்சு. கல்லறைத் திருநாளுக்குச் சாமியே ரெண்டு பேரையும் சேத்து வாசிச்சாரு, ஊரே கேட்டுச்சு."

ஆர்.ஐ. ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் மேசையில் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "வாசிச்சேன்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

அப்படியானால் நீங்கள் கிறிஸ்தவரா என்று ஆர்.ஐ. கமலாதேவியைக் கேட்டார். அவள் கேள்வி முடிவதற்குள் சிலுவை போட்டாள். நெற்றி, நெஞ்சு, வலது தோள், அப்புறம் இடது. பிறந்ததிலிருந்து சிலுவை போடுகிற எவளும் வலது தோளை முதலில் தொடமாட்டாள். ஆர்.ஐ.க்கு அது தெரியவில்லை, அவர் பாட்டுக்கு எழுதினார். ஃபாதருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் ஜன்னலுக்கு வெளியே திரும்பி, காயப்போட்டிருந்த கருவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் அவருக்குக் கருவாடே பிடிக்காது.

ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் ஜெசிந்தா குசினிக்கு ஓடிவந்தாள். என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனிமேல் அவள் கமலாதேவியின் மகள். முகாமில் அவளைப் பெற்ற அம்மாவின் பெயரை யாரிடமும் சொல்ல முடியாது.

"வாற வருசம் அம்மாவின்ர பேரைக் குடுப்பீங்களோ, பெரியம்மா? தனிய."

கொடுக்கிறேன் என்றேன். சுதன் ஜீப்பிலிருந்து அக்கா அக்கா என்று கத்தினான். போய்விட்டாள்.

டிசம்பர் 4

சோறு மிஞ்சிவிட்டது. அளவு மாற்ற வேண்டும்.

டிசம்பர் 12

மூன்று ராஜாக்களையும் மாட்டையும் துடைத்துக் குடில் வைக்க எடுத்துக் கொடுத்தேன். மாட்டின் உடைந்த கொம்பில் யாரோ களிமண் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். சின்ன விரல் அடையாளம் இருக்கிறது. ஊர்ப் பையன்கள் அதைத் தட்டிவிடப் பார்த்தார்கள். கொன்றுவிடுவேன் என்றேன்.

டிசம்பர் 25

பாட்டும் பூசையும் பிரமாதம் என்று ஊரே பேசுகிறது. நான் நன்மை வாங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த பெஞ்சில் தனியாக உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது. எல்லோருடைய முழங்காலும் இடித்துக்கொண்டு போகிறது.

ஜனவரி 11, 1991

காலை இட்லி சாப்பிடும்போது ஃபாதர் சம்பந்தமே இல்லாமல் பேசினார். பக்கத்துப் பங்குக்கு வயதான சாமியார் ஒருவர் வந்திருக்கிறாராம். சனிக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தனம் கேட்கிறாராம். "காது கொஞ்சம் மந்தம், தெக்லாம்மா. நல்ல மனுஷன்" என்றார். சட்னி கேட்டார். வைத்தேன்.

ஜனவரி 12

பஸ் ஏறிப் போனேன். கோயில் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். செய்த பாவத்துக்கு மனம் வருந்தி மனஸ்தாபப்பட வேண்டும், இனிச் செய்யமாட்டேன் என்று நினைக்க வேண்டும், அப்போதுதான் பாவசங்கீர்த்தனம் செல்லும் என்று சின்ன வயதில் படித்திருக்கிறேன். எனக்கு அந்தப் பொய்க்கு மனஸ்தாபம் வரவில்லை. மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அழுகை வருகிறது, உண்மைதான், தினமும் வருகிறது. ஆனால் அது பொய்க்காக இல்லை. எதற்காக அழுகிறேன் என்று அந்தச் சாமியார் கேட்டால் என்ன சொல்வது? ஒரு பிள்ளையை அவள் தம்பி இருக்கிற இடத்துக்கு அனுப்பியதற்கா? என் கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டேன், அது என்னுடையதாகவும் இருக்கவில்லை. காது மந்தமானவரிடம் இதைக் கத்தி வேறு சொல்ல வேண்டும்.

மார்ச் 3

முகாமிலிருந்து வந்த ஒருவர் சொன்னார், இரண்டு பிள்ளைகளும் அங்கே பள்ளிக்கூடம் போகிறார்களாம். ரோஸ் ஃப்ராக் போட்ட பிள்ளையா என்று கேட்டேன். அவர் கவனிக்கவில்லையாம். ஆம்பிளைகளிடம் கேட்டு என்ன பயன்?

ஜூலை 20

போலீஸ் கெடுபிடியில் முகாம் பக்கம் வெளியாட்கள் போவது முன்னைப்போல் எளிதில்லை. இரண்டு தடவை முயன்று திரும்பினேன். ஜெசிந்தாவுக்கு இப்போது வளர்த்தி வந்திருக்கும், ஃப்ராக் ஏறியிருக்கும். தையலில் துணி உள்ளே மடித்துத்தான் வைத்திருக்கிறேன், பிரித்துவிட்டால் நீளும். கமலாதேவிக்கு அது தெரியுமோ என்னவோ.

அக்டோபர் 30

பெயர் கொடுக்கிற நாள். கோயில் பின்னறையில் ஃபாதர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். என் முறை வந்ததும் வழக்கம்போல அப்பா பெயரும் எஸ்தாக்கி என்ற ராசாத்தியும் சொன்னேன். வேறு யாராவது என்றார். மேரி பெர்னதெத் என்றேன்.

அவர் கை நின்றது. நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டார்.

"என்ன உறவு?"

எனக்குக் கூடப்பிறந்தது எல்லாம் அண்ணன்மார் என்று அவருக்குத் தெரியும். சொல்லிச் சொல்லி அவர் காதைத் துளைத்திருக்கிறேன்.

"தங்கச்சி" என்றேன்.

எழுதிக்கொண்டார்.

நவம்பர் 2, 1991

கல்லறைத் திருநாள். லேசான மழை. ஃபாதர் நிதானமாக வாசித்தார். மேரி பெர்னதெத் என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றார், பிறகு அடுத்த வீட்டுப் பெயருக்குப் போனார். காதைப் பொத்த என் பக்கத்தில் யாரும் இல்லை. சிலுவையடியில் ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, மழையில் அணையாமல் கையை மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.